டைனோசர் எத்தனையாவது நிமிடத்தில் வரும்?

குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் சாகசப் படங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் திரைப்படக் குழுவின் பதில்களும் இந்த இதழில். "நல்ல படம் பத்து சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டவர்கள் பொறுத்தருள்க. படத்தின் பெயர் யாருக்கும் தெரியும். எந்தக் காட்சி எங்கே வந்து பிள்ளையை அழவைக்கும் என்பதுதான் போஸ்டரில் இருக்காது.

வீட்டில் 5, 9, 14 வயதில் மூன்று பிள்ளைகள், கூடவே மாமியார். வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லோருக்கும் ஒரே படம் என்று உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் ஒருத்தர் தூங்கிவிடுகிறார், ஒருத்தர் போனை எடுத்துவிடுகிறார். எதைத்தான் போடுவது?
*வாசகி, காரைக்குடி*

முதலில் நேரத்தைப் பாருங்கள். ஐந்து வயதுக் குழந்தை சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ஒன்றே முக்கால் மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் போனால் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சிணுங்கல்தான். 'மோனா' (2016) 107 நிமிடம், 'ஃபைண்டிங் நீமோ' (2003) 100 நிமிடம், 'தி ஜங்கிள் புக்' (2016) 106 நிமிடம், 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் டின்டின்' (2011) 107 நிமிடம். நான்குமே ஏறத்தாழ அந்தக் கணக்குக்குள் வருகின்றன.

உங்கள் வீட்டுக்கு முதல் தேர்வு 'மோனா'. நெருப்புக் குழம்பாக எழும் பூதம் க்ளைமாக்ஸில்தான் பெரிதாக வருகிறது. அதற்குள் சின்னவனுக்குக் கதாநாயகி மீது நம்பிக்கை வந்திருக்கும். நடுவில் பாட்டி இறந்துபோவார். அதையும் ஒளிரும் திருக்கை மீனாகத் திரும்பி வருவதாகக் காட்டி மென்மையாகக் கடந்துவிடுகிறார்கள்.

'நீமோ'வில் சிக்கல் தொடக்கத்திலேயே. தலைப்பு வருவதற்கு முன்பே ஒரு பாரகுடா மீன் வந்து தாய் மீனையும் முட்டைகளையும் விழுங்கிவிடும். ஐந்து வயதுக்கு அது வேண்டாம் என்றால் தலைப்பிலிருந்து போடுங்கள். "நீமோவுக்கு அம்மா இல்லை, அதனால்தான் அப்பாவுக்கு இவ்வளவு பயம்" என்று ஒரு வரி சொல்லிவிட்டால் கதை புரிந்துவிடும்.

'ஜங்கிள் புக்' 9 வயதுக்காரருக்குக் கச்சிதம், 5 வயதுக்குச் சற்று அதிகம். புலி திடீர் திடீரென்று திரைக்கு நேராகப் பாயும், ஓநாய்த் தலைவனை மலையுச்சியிலிருந்து வீசிவிடும். இந்தியாவில் இதற்கு யு/ஏ கொடுத்தபோது "ஜங்கிள் புக்குக்கா?" என்று பலர் கேலி செய்தார்கள். சின்னப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்தவர்கள் கேலி செய்திருக்க மாட்டார்கள். 14 வயதுக்காரரின் கையிலிருந்து போனை இறக்க ஒரு வழி: விலங்குகள் அத்தனையும் கணினியில் உருவானவை, காடு லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோவில் பிறந்தது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எது நிஜம், எது பொய் என்று கண்டுபிடிக்க உட்கார்ந்துவிடுவார்.

'டின்டின்' இரண்டு வருஷம் கழித்து. ஆரம்பத்திலேயே வாசலில் ஒருவர் சுடப்பட்டு விழுவார், கப்பல் தலைவர் படம் முழுக்கக் குடிப்பார்.

'அப்' (2009, 96 நிமிடம்) பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஒரு தம்பதியின் முழு வாழ்க்கையும், குழந்தை இல்லாத ஏக்கமும், மனைவியின் மரணமும் வந்துவிடும். குழந்தைகள் பலூனுக்காகக் காத்திருப்பார்கள். கணவரை அண்மையில் இழந்தவர் யாராவது அந்த அறையில் இருந்தால் அன்றைக்கு அந்தப் படம் வேண்டாம்.

மாமியாருக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். 'மாயா பஜார்' (1957) ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும். ஆனால் ரங்காராவின் கடோத்கஜன் வரும் பகுதியை ஐந்து வயதுப் பிள்ளைகள் அசையாமல் பார்ப்பார்கள். 'கல்யாண சமையல் சாதம்' பாட்டோடு அன்றைய காட்சியை நிறுத்தினாலும் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

'யு/ஏ 7+', '13+', 'பி.ஜி.' என்று ஒவ்வோரிடத்தில் ஒவ்வொரு மாதிரி போடுகிறார்களே, எதை நம்புவது?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்*

எல்லாவற்றையும் பாதி நம்பலாம். இந்தியத் தணிக்கை வாரியத்தில் நெடுங்காலம் யு (எல்லோருக்கும்), யு/ஏ, ஏ (பெரியவர்களுக்கு மட்டும்), எஸ் (குறிப்பிட்ட துறையினருக்கு மட்டும்) என நான்குதான் இருந்தன. யு/ஏ என்றால் 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பெற்றோர் யோசித்து அழைத்துவர வேண்டும் என்று பொருள். ஆறு வயதுக்கும் பதினொரு வயதுக்கும் ஒரே முத்திரை. 2023-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இதை யு/ஏ 7+, 13+, 16+ என்று பிரித்தது. அதற்கான விதிகள் 2024 மார்ச்சில் வந்தன. ஓடிடியில் இதே வகை வயதுப் பிரிவு 2021 விதிகளிலிருந்தே இருக்கிறது. ஒரு வித்தியாசம், அங்கே முத்திரை குத்துவது வாரியமல்ல, அந்தந்தத் தளமே. அதனால் தியேட்டரில் வெறும் யு/ஏ-ஆக ஓடிய பழைய படம் ஓடிடியில் 13+ என்று வந்தால் குழம்ப வேண்டாம்.

'பெற்றோர் வழிகாட்டுதலோடு' என்று பொருள்படும் அமெரிக்க 'பி.ஜி.'யில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. 1984 ஜூலைக்கு முன் அங்கே பி.ஜி.க்கும் 'ஆர்' என்ற கடும் முத்திரைக்கும் நடுவில் எதுவுமே கிடையாது. 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' (1981) முடிவில் முகங்கள் மெழுகாக உருகி வழியும், அதற்கு பி.ஜி. 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்' (1984) படத்தில் உயிரோடு இருப்பவன் நெஞ்சிலிருந்து இதயத்தைப் பிடுங்குவார்கள், அதற்கும் பி.ஜி. பெற்றோர் கொதித்தார்கள். அந்தப் படமும் அதே கோடையில் வந்த 'கிரெம்லின்ஸ்' படமும் கிளப்பிய புகாரில்தான் பி.ஜி.-13 என்ற நடுப்பிரிவு பிறந்தது. ஆகவே 1984-க்கு முந்தைய ஹாலிவுட் படத்தில் பி.ஜி. என்றிருந்தால் அதை 13+ என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

'டெம்பிள் ஆஃப் டூம்' இந்தியாவில் நடப்பதாகக் கதை. இந்திய அரசு படப்பிடிப்புக்கு இசையவில்லை, கண்டிப் பக்கம் போய் எடுத்தார்கள். கிராமத்து மக்கள் சிங்களம் பேசுவது அதனால்தான். விருந்தில் குரங்கு மூளை பரிமாறுவதைப் பார்த்துவிட்டு "நம்ம ஊரில் இப்படியா சாப்பிடுவோம்?" என்று பிள்ளை கேட்டால் பதில் தயாராக இருக்கட்டும். அந்த வரிசையில் குடும்பத்துக்கு ஏற்றது 1989-இல் வந்த மூன்றாவது படமான 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி லாஸ்ட் க்ரூசேட்', அப்பாவும் மகனும் சண்டை போட்டுக்கொண்டே போவது. அதிலும் கடைசியில் ஒருவர் நொடிப்பொழுதில் கிழடாகி எலும்பாவார். அந்தத் தங்கக் கோப்பைக் காட்சியில் ரிமோட் கையில் இருக்கட்டும்.

முத்திரைக்குக் கீழே பொடி எழுத்தில் வன்முறை, பயம், கெட்ட வார்த்தை என்று காரணம் போட்டிருப்பார்கள். வயதைவிட அந்த வரி உபயோகமானது.

"ஆயிரத்தில் ஒருவன் போடு, பேரப்பிள்ளைகளோடு பார்க்கலாம்" என்கிறார் மாமனார். தேடினால் இரண்டு வருகிறதே?
*வாசகி, திருநெல்வேலி*

அவர் கேட்பது 1965-இல் பி.ஆர்.பந்துலு எடுத்தது. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் சேர்ந்து நடித்த முதல் படம். அடிமையாகத் தீவுக்கு அனுப்பப்படும் வைத்தியன், கடற்கொள்ளையர் கப்பல், வாள்சண்டை என்று எட்டு வயதிலிருந்து எல்லோரும் பார்க்கலாம். 2010-இல் செல்வராகவன் எடுத்த அதே பெயர்ப் படம் ஏ சான்றிதழ் பெற்றது. திரையில் வரும் சிறு போஸ்டரில் பெயரை மட்டும் பார்த்து அழுத்திவிடாதீர்கள், பக்கத்தில் ஆண்டு இருக்கும். பழையதில் பாட்டுகளைப் பிள்ளைகள் ஓட்டிவிடச் சொல்வார்கள். 'அதோ அந்தப் பறவை போல' வரும்போது மட்டும் ரிமோட்டை மாமனாரிடம் கொடுத்துவிடுங்கள்.

மகனுக்கு 7 வயது. டைனோசர் பைத்தியம். 'ஜுராசிக் பார்க்' போடச் சொல்லி நச்சரிக்கிறான். போடலாமா?
*வாசகர், கோயம்புத்தூர்*

வேண்டாம். இரண்டு மூன்று வருஷத்தில் படம் எங்கும் ஓடிப்போகாது.

1993-இல் வந்த முதல் படத்தையே எடுத்துக்கொள்வோம். 127 நிமிடத்தில் டைனோசர்கள் திரையில் தெரிவது மொத்தம் கால் மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் அது வருமோ வருமோ என்று காக்கவைப்பது. டைனோசர் பார்க்கும் ஆசையில் உட்காரும் குழந்தைக்கு முதல் ஒரு மணி நேரம் பெரும்பாலும் பெரியவர்கள் பேச்சு, அடுத்த ஒரு மணி நேரம் நடுக்கம்.

தொடக்கத்திலேயே ஒரு தொழிலாளியைக் கூண்டுக்குள் ஏதோ ஒன்று இழுக்கும். மிருகத்தைக் காட்ட மாட்டார்கள், அலறல் மட்டும் கேட்கும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழிந்ததும் மழையில் டி-ரெக்ஸ் என்ற ராட்சத டைனோசர் வேலியைத் தாண்டும். தம்ளர் தண்ணீர் அதிரும், ஆட்டுக்கால் கார்க் கூரையில் விழும், காருக்குள் இரண்டு குழந்தைகள். கழிப்பறையில் ஒளிந்த வக்கீலை அது கவ்வும்போது பெரிய பிள்ளைகள் சிரிப்பார்கள், சின்னவர்கள் சிரிக்க மாட்டார்கள். பிறகு மின்சார அறையில் ஒரு பெண்ணின் தோளில் கை விழும். அப்பாடா என்று திரும்பினால் கை மட்டும்தான் இருக்கும். கடைசியாகச் சமையலறை. ராப்டர் என்ற வேட்டை டைனோசர்கள் இரண்டு, இரண்டு குழந்தைகளைத் தேடி அலையும். ஏழு வயதுப் பிள்ளைக்கு டி-ரெக்ஸைவிட இதுதான் கொடுமை, ஏனென்றால் துரத்தப்படுவது தன் வயதுப் பிள்ளை.

இன்னொரு விஷயம் உங்களுக்குக் கைகொடுக்கும். டி-ரெக்ஸ் தாக்கும் அந்தக் காட்சியில் பின்னணி இசையே இல்லை. மழை, உறுமல், கண்ணாடி நொறுங்குவது, அவ்வளவுதான். பயம் மொத்தமும் சத்தத்தில் இருக்கிறது. மகனுக்கு 9, 10 வயதாகும்போது அறை விளக்கை அணைக்காமல், அந்த இடத்தில் வால்யூமை மூன்றில் ஒரு பங்கு குறைத்துப் போட்டால் பாதி பயம் போய்விடும்.

இப்போதைக்கு நச்சரிப்பு நிற்க ஒரு வழி உண்டு. ஜீப் நின்று நீளக்கழுத்து டைனோசரை எல்லோரும் முதன்முதலாக அண்ணாந்து பார்க்கும் காட்சி, பிறகு நோயுற்றுப் படுத்திருக்கும் மூன்று கொம்பு டைனோசர் காட்சி. இரண்டையும் மட்டும் போட்டுக் காட்டுங்கள். படத்திலேயே அழகான இரண்டு இடங்கள் அவைதான். படுத்திருப்பது முழு அளவில் செய்த இயந்திர பொம்மை என்று சொன்னால் திரும்பத் திரும்பப் பார்ப்பான்.

படம் பாதியில் மகள் பயந்து அழ ஆரம்பித்துவிட்டால் உடனே டி.வி.யை அணைத்துவிடுகிறேன். ஆனாலும் ராத்திரி எழுந்துவிடுகிறாள்.
*வாசகி, மதுரை*

அணைப்பதுதான் பிரச்சினை. பூதம் வாயைத் திறந்த இடத்தில் அணைத்தால் அவள் மனதில் பூதம் வாயைத் திறந்தபடியே நிற்கும். நிறுத்திவையுங்கள், விளக்கைப் போடுங்கள், தண்ணீர் கொடுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். சம்மதித்தால் சத்தமில்லாமல் வேகமாக ஓட்டி, கதாநாயகி தப்பிக்கும் இடத்தையாவது காட்டிவிட்டு மூடுங்கள். மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம், முடிவை வாயால் சொன்னால் போதும்.

மகளின் வயதை நீங்கள் எழுதவில்லை. ஏழு வயதுக்குக் கீழே என்றால் "அது பொம்மைதான், நிஜமில்லை" என்பது வேலை செய்யாது. குழந்தைகளின் திரைப் பயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் கேன்டர் சொல்வதும் இதுதான். சின்னக் குழந்தைகள் உருவத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், அவர்களுக்கு விளக்கத்தைவிட மடியும் அணைப்பும்தான் மருந்து. எட்டு வயதுக்கு மேல் உருவ பயம் குறைந்து, திருடன், தீ, அம்மா காணாமல் போவது போன்ற நடக்கக்கூடிய ஆபத்துகள் பயமுறுத்தும். அந்த வயதுக்கு விளக்கம் பலிக்கும்.

கண்ணைப் பொத்துவதைவிட 'மியூட்' பட்டன் நல்லது. கண்ணை மூடினாலும் காது திறந்தே இருக்கிறது, காணாத உருவத்தைக் கற்பனை இன்னும் பெரிதாக வரைந்துகொள்ளும். படம் முடிந்து அரை மணி நேரமாவது கழித்துப் படுக்கைக்கு அனுப்புங்கள்.

தமிழ் டப்பிங்கா, ஆங்கிலத்தில் சப்டைட்டிலோடா?
*வாசகர், சேலம்*

எட்டு வயதுக்குள் டப்பிங், தயங்கவே வேண்டாம். சப்டைட்டில் ஐந்தாறு விநாடியில் போய்விடும். எழுத்துக்கூட்டும் குழந்தை எழுத்தையும் பார்க்காது, படத்தையும் பார்க்காது. அம்மாவுக்குத் தமிழ், மகனுக்கு ஆங்கிலம் என்று சமரசமாகத் தமிழ் ஒலியும் ஆங்கில எழுத்தும் வைத்தால் ஒன்றுக்கொன்று ஒட்டாது. எழுத்து மூல வசனத்தைப் பின்பற்றும், டப்பிங் வாயசைவுக்காக வளைந்திருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளை இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே படத்தைக் கோட்டைவிடும்.

ஒரு தொடரின் முதல் பாகம் தமிழில் இருந்தால் இரண்டாவதும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. எல்லோரும் உட்கார்ந்த பிறகு தேடாமல் மத்தியானமே ஆடியோ பட்டியலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

மொழியே தடையாகாத படமும் உண்டு. 'தி பிளாக் ஸ்டாலியன்' (1979, 118 நிமிடம்) கப்பல் தீப்பிடித்து மூழ்கி, ஒரு சிறுவனும் ஒரு கறுப்புக் குதிரையும் ஆளில்லாத தீவில் ஒதுங்கும் கதை. தீவுப் பகுதி முழுக்க வசனம் அநேகமாகவே கிடையாது. கப்பல் விபத்தில் அப்பா போய்விடுவார், அது ஒன்றுதான் கடினமான இடம். இந்தப் படத்தை நம் ஊரில் அதிகம் பேர் பார்க்காதது பெரிய குறை.

'லைஃப் ஆஃப் பை' புதுச்சேரியில் எடுத்த படம் ஆயிற்றே, 8 வயது மகளோடு பார்க்கலாமா?
*வாசகி, கடலூர்*

தொடக்கப் பகுதிதான் புதுச்சேரி. அதற்கு முன் பாம்பே ஜெயஸ்ரீயின் தமிழ்த் தாலாட்டு வரும், ஆஸ்கர் பரிந்துரை பெற்ற பாட்டு, அதைத் தவறவிடாதீர்கள். கப்பல் மூழ்கிய பிறகு படகில் கழுதைப்புலி வரிக்குதிரையையும் ஒராங்குட்டானையும் கொல்லும். மிருகங்களிடம் பாசமுள்ள குழந்தைக்கு அது தாங்காது. கடைசியில் மருத்துவமனையில் கதாநாயகன் அதே கதையை மிருகங்களில்லாமல் மனிதர்களை வைத்து ஒருமுறை சொல்வான். காட்சி எதுவும் இருக்காது, பேச்சு மட்டுமே. 8 வயதுக்குப் புரியாது, 12 வயதுக்குப் புரிந்து தூக்கம் போகும். பத்து வயதுக்குப் பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து பேசத் தயாராக இருந்தால் பாருங்கள்.

வசனம் கேட்கவில்லை என்று சத்தம் வைத்தால் வெடிச் சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுகிறார். டி.வி. கெட்டுவிட்டதா?
*வாசகர், சென்னை*

கெடவில்லை. சாகசப் படங்களின் ஒலி தியேட்டருக்காக 5.1 என்ற ஆறு தடங்களில் கலக்கப்படுகிறது. வசனம் அதில் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக இருக்கும். உங்கள் டி.வி.யில் இரண்டே ஸ்பீக்கர், அதுவும் பெரும்பாலும் கீழே பார்த்தபடி. ஆறையும் இரண்டில் திணிக்கும்போது வசனம் அமுங்கி வெடி மிஞ்சும்.

முதலில் படம் ஓடும்போதே ஆடியோ பட்டியலைத் திறந்து '5.1' என்று போடாத தடத்தைத் தேர்ந்தெடுங்கள். காசில்லாத இந்த ஒரு மாற்றத்திலேயே பல வீடுகளில் குறை தீர்ந்துவிடும். தீராவிட்டால் டி.வி.யின் ஒலி அமைப்பில் 'சினிமா'வை விட்டுக் குரலைத் தெளிவாக்கும் முறைக்கு மாற்றி, 'நைட் மோட்' அல்லது தானியங்கி வால்யூம் இருந்தால் அதையும் போடுங்கள். பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்னச் சத்தத்தை உயர்த்துவதுதான் அதன் வேலை.

சவுண்ட்பார் வாங்கினால் நடு ஸ்பீக்கர் உள்ளதாக (3.1 என்று எழுதியிருக்கும்) பாருங்கள். 2.1 என்றால் வசனப் பிரச்சினை அப்படியே இருக்கும், வெடி மட்டும் இன்னும் ஜோராகக் கேட்கும். அதன் சப்-வூஃபரை (அதிரும் கனத்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) தரையில் நேராக வைத்தால் அதிர்வு தளத்தின் வழியாகக் கீழ்வீட்டுக்கே போகும். அடியில் கெட்டியான ரப்பரோ ஃபோமோ போட்டு, சுவர் மூலையிலிருந்து தள்ளி, 'பாஸ்' என்ற கனத்த ஒலியின் அளவைப் பாதியாக்குங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரை மட்டும் படத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். ஒலி பிந்தி வரும், உதடு மூடிய பிறகு வசனம் கேட்கும்.

புது டி.வி.யில் எந்த ஆங்கிலப் படம் போட்டாலும் சீரியல் எடுத்த மாதிரி வழுவழுவென்று இருக்கிறதே?
*வாசகர், ஈரோடு*

சினிமா விநாடிக்கு 24 படங்கள். டி.வி. நடுவில் தானே சில படங்களைக் கற்பனை செய்து சொருகுகிறது. எல்.ஜி.யில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி (பழைய மாடல்களில் ஆட்டோ மோஷன் ப்ளஸ்) என்று பெயர். அணைத்துவிடுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போட்டாலே போதும். கிரிக்கெட்டுக்குத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

லீவுக்கு மொட்டை மாடியில் ப்ரொஜெக்டர் வைத்துப் படம் போட ஆசை. என்னென்ன வேண்டும்?
*வாசகர், நாகர்கோவில்*

திரையில் ஆரம்பிப்போம். 100 அங்குலப் படம் என்றால் அகலம் 221 செ.மீ., உயரம் 125 செ.மீ. மாடிப்படி அறையின் வெள்ளைச் சுவர் இந்த அளவுக்குக் காலியாக இருந்தால் அதுவே நல்ல திரை. இல்லாவிட்டால் எட்டு முழ வேட்டி. அதன் அகலம் சுமார் 127 செ.மீ., அதாவது 95 அங்குலப் படம் ஒற்றையாக விரித்தால் அடங்கும். ஆனால் வேட்டி மெல்லிசு, வெளிச்சத்தில் கணிசமான பங்கு பின்பக்கம் போய்விடும். இரண்டாக மடித்துக் கட்டி 80 அங்குலத்தோடு (177 x 100 செ.மீ.) திருப்தியடைவது மேல். கரையும் படத்துக்கு வெளியே விழும். நான்கு மூலையும் இழுத்துக் கட்டி, கீழே ஒரு மூங்கில் கம்பைச் சொருகுங்கள். காற்றில் திரை ஆடினால் கடல் காட்சி மட்டும்தான் நன்றாக இருக்கும்.

ப்ரொஜெக்டர் பெட்டியில் பதினாயிரம் லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம், தர முறைப்படி அளந்த 'ஆன்சி லூமன்' என்ற எண்ணைத் தேடுங்கள். நல்ல இருட்டில் 100 அங்குலத்துக்கு 500 ஆன்சி லூமன் இருந்தால் தியேட்டர் வெளிச்சத்தை எட்டிவிடும். தெருவிளக்கு மாடியில் அடிக்கிறது என்றால் ஆயிரம் வேண்டும், அப்போதும் கறுப்பு சாம்பலாகத்தான் தெரியும். குகை, சுரங்கம், இரவுக் காடு என்று இருட்டில் நடக்கும் படங்களை மாடியில் போடாதீர்கள். கடல், பாலைவனம், அனிமேஷன் நன்றாக எடுபடும்.

தூரத்துக்கு 'த்ரோ ரேஷியோ' என்ற எண்ணைப் படத்தின் அகலத்தால் பெருக்குங்கள். 1.2 என்றால் 221 செ.மீ. அகலத்துக்கு 265 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும்.

அதிகம் பேர் ஏமாறுவது இனிமேல்தான். போனிலிருந்து திரையைப் பகிர்ந்தால் பல ஓடிடி செயலிகளில் சத்தம் வரும், படம் கறுப்பாக இருக்கும். பழுதல்ல, திருட்டுப் பதிவைத் தடுக்கும் பூட்டு அது. மலிவு ப்ரொஜெக்டர்களில் உள்ளேயே இருக்கும் செயலியில் படம் மங்கலாக வருவதற்கும் அந்தப் பூட்டுக்கான அங்கீகாரம் இல்லாததுதான் காரணம். எச்.டி.எம்.ஐ. துளையில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் (ஓடிடி செயலிகள் ஓடும் குட்டிக் கருவி) சொருகினால் இரண்டும் தீரும். போன் ஹாட்ஸ்பாட் என்றால் டேட்டா கணக்கு பாருங்கள். நெட்ஃப்ளிக்ஸ் ஹெச்.டி.யில் மணிக்கு 3 ஜி.பி. வரை இழுக்கும், 1.5 ஜி.பி. பேக் அரை மணி நேரத்தில் காலி. ஸ்டிக்கை மாலையிலேயே மாடிக்குக் கொண்டுபோய், வீட்டு வைஃபை அங்கே எட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சூரியன் மறைந்து அரை மணி நேரமாவது ஆக வேண்டும். கோடையில் ஏழேகாலுக்கு முன் ஆரம்பித்தால் முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. நீட்டிப்பு ஒயரைச் சுருளாக விடாமல் முழுக்க விரித்துவிடுங்கள், சுருளில் சூடேறும். மார்கழியில் பனி இறங்கும், கருவிக்கு மேலே ஒரு மறைப்பு வேண்டும், ஆனால் காற்று வெளியேறும் பக்கத்தை மூடக்கூடாது. அடுக்குமாடியில் எல்லா வீட்டையும் அழைத்துப் போடும் எண்ணமிருந்தால் தனி அனுமதி வேண்டும். ஓடிடி சந்தா உங்கள் வீட்டுக்கு மட்டும்தான்.

மூன்று மணி நேரப் படங்களை எங்கே நிறுத்துவது?
*வாசகி, திருச்சி*

நம் படங்களில் கவலையில்லை, இடைவேளை எழுதியே வரும். ஹாலிவுட் படத்தை நாம்தான் வெட்ட வேண்டும். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகம் (2001, 178 நிமிடம், பத்து வயதுக்கு மேல்) என்றால், மோதிரத்தை அழிக்க ஒன்பது பேர் குழுவாக முடிவெடுக்கும் சபை முடிந்ததும் நிறுத்துங்கள். நீட்டிக்கப்பட்ட பதிப்பின் டிவிடியிலும் முதல் தட்டு அங்கேதான் முடிகிறது. 'ஹாரி பாட்டர்' முதல் படத்தில் (152 நிமிடம்) கழிப்பறைப் பூதத்தை அடக்கிவிட்டு மூவரும் நண்பர்களாகும் இடம் ஏறக்குறையப் பாதி. சின்னப் பிள்ளைகள் இருந்தால் இப்படி ஒரு விஷயம் முடிந்த இடத்தில் நிறுத்த வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் மலையில் தொங்கும்போதே நிறுத்துங்கள், மறுநாள் சொல்லாமலே வீட்டுப்பாடம் முடியும்.

பாப்கார்ன் சவசவ என்று போய்விடுகிறது. பாதி சோளம் வெடிப்பதும் இல்லை.
*வாசகி, விருதுநகர்*

நான்கு பேருக்கு கால் கப் சோளம் (சுமார் 50 கிராம்), ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய், அடிகனமான பாத்திரம். மூன்று மணிகளை மட்டும் போட்டு அவை வெடித்ததும் மீதியைப் போட்டு, அடுப்பிலிருந்து அரை நிமிடம் இறக்கிவைத்து மறுபடி ஏற்றுங்கள். எல்லா மணியும் ஒரே சூட்டுக்கு வரும். மூடியை நூல் அளவு திறந்து வையுங்கள். ஆவி உள்ளேயே நின்றால்தான் சவசவப்பு. இரண்டு வெடிக்கு நடுவில் இரண்டு மூன்று விநாடி ஆனால் இறக்கிவிடுங்கள், உப்பு அதற்குப் பிறகு.

மணிக்குள் இருக்கும் ஈரம்தான் ஆவியாகி அதை வெடிக்கவைக்கிறது. திறந்துவைத்த பழைய பாக்கெட் காய்ந்துபோயிருக்கும். ஒரு கப் சோளத்துக்கு ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளித்து, இறுக்கமான பாட்டிலில் இரண்டு மூன்று நாள் வைத்து அவ்வப்போது குலுக்குங்கள். நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பாப்கார்னும் முழு வேர்க்கடலையும் கூடாது. இருட்டில் திடுக்கிட்டுச் சிரிக்கும்போது மூச்சுக்குழாயில் போய்விடும். அவனுக்கு வாழைப்பழத்தை நறுக்கிக் கொடுங்கள்.